பாய்த்துணிப் பை

படகிலிருந்து கழித்த பாயை வெட்டித் தைக்கும் தோள்பை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டில் 1999இல் தொடங்கிய சீ பேக்ஸ், பிரான்சின் லோரியாங் நகரத்து 727 செயில்பேக்ஸ் ஆகிய நிறுவனங்கள் இதைத் தனித் தொழிலாக வளர்த்தன. பழைய பாயைக் கொடுப்பவருக்குச் சீ பேக்ஸ் பணத்துக்குப் பதில் பை தருகிறது. அதே மாநிலத்தின் எல்.எல்.பீன் 1944இல் பனிக்கட்டி சுமப்பதற்கென்று விற்ற கித்தான் பை, இன்றைய டோட் பைகளின் முன்னோடிகளில் ஒன்று.

பந்தயப் படகுக்காரர் பாய் கிழியும்வரை காத்திருப்பதில்லை. காற்றில் இழுபட்டு இழுபட்டு அதன் வளைவு தளர்ந்தாலே வேகம் குறையும். துணி திடமாக இருக்கும்போதே மாற்றிவிடுவார்கள். அந்த மிச்ச ஆயுள்தான் பையின் மூலதனம்.

துணி பெரும்பாலும் பாலியெஸ்டர். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டறிந்த இந்த இழை, 1950களில் டேக்ரான் என்ற பெயரில் வந்து பருத்திப் பாயை ஓரங்கட்டியது. நெருக்கி நெய்து பிசின் ஏற்றிய துணி மொடமொடப்பாக இருக்கும், மட்காது. வெயில்தான் அதற்கு எமன்.

வேலை கழுவுவதில் தொடங்குகிறது. நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பையும் பூஞ்சைக் கறையையும் நீக்கி, வெயில் தின்ற ஓரங்களைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் அளவெடுப்பார்கள். சூட்டுக்கத்தியால் வெட்டினால் விளிம்பு உருகி ஒட்டிக்கொள்ளும், நூல் பிரியாது. பாய் தைப்பவரின் வளைதையலே (ஜிக்ஜாக்) பைக்கும். துணி இழுபடும்போது அது கூடவே நெகிழ்ந்து கொடுக்கும். பல மடிப்பு சேரும் மூலையில் எந்திரம் திணறும். அங்கே உள்ளங்கையில் தோலுறை மாட்டி ஊசியைத் தள்ளுவதுதான் வழி. பிடிக்குக் கயிறு. பாயில் ஒட்டிய எண், பித்தளை வளையம், பழைய தையல் தடம் எல்லாவற்றையும் வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். பையின் விலையில் பாதி அந்தத் தழும்புகளுக்கு என்று சொன்னால் மிகையாகாது.

தமிழகக் கடலோரத்தில் இப்படி ஒரு கைத்தொழில் வேர்விடவில்லை. பாக் நீரிணையின் வத்தைகளும் தூத்துக்குடித் தோணிகளும் பருத்திப் பாய் கட்டி ஓடியவை. ஒட்டுமேல் ஒட்டுப் போட்டு இற்றுப்போகும்வரை உழைத்த பாயில் பை தைக்க என்ன மிஞ்சும்? வங்கக் கடலோரத்தில் கதை தலைகீழாகவும் நடந்தது: உரச்சாக்கைப் பிரித்துத் தைத்துக் கட்டுமரத்துக்குப் பாயாக்கினார்கள். பந்தயப் பாய்கள் கழிந்து வருவதற்குச் சென்னையில் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற சில இடங்களே உண்டு.

கடலோரத்திலேயே இந்த நிலை என்றால், கடலிலிருந்து 50 கி.மீ.க்கும் மேல் உள்ளே, அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் நெசவாளர் ஊரான உடையார்பாளையத்தில் பாய்த்துணியை எதிர்பார்க்க முடியாது. அந்த மாவட்டம் சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலைகளும் நிறைந்தது. இங்கே பாயின் இடத்தில் வைக்கக்கூடியது சிமென்ட் சாக்கு. 50 கிலோ தாங்கும் அந்தச் சாக்கும் தறித்துணிதான் என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. பாலிபுரோப்பிலீன் பட்டைகளை வட்டத்தறியில் குழாயாக நெய்கிறார்கள். 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. மஞ்சப்பை துணிமணிக்கும் தாம்பூலத்துக்கும் சரி. பத்துக் கிலோ அரிசிக்குச் சாக்குப் பைதான் தோதுப்படும்.

தைக்கும் முறை ஏறக்குறைய ஒன்றே, சில இடங்களில் தவிர. சிமென்ட் தூள் ஈரம் பட்டால் தோலை அரிக்கும். எனவே சாக்கை முதலில் உதறி, கையுறை போட்டுப் பலமுறை அலச வேண்டும். வெட்டிய ஓரத்தில் பட்டை பட்டையாகப் பிரியும் என்பதால் இரட்டை மடிப்பு கட்டாயம். உலர்த்துவது நிழலில். பாலியெஸ்டரைவிடச் சீக்கிரமாகவே சாக்கு வெயிலில் நொறுங்கி உதிரும்.