ஒரே பீடத்தின் இருபுறம்

போர் முடிந்ததும் வெற்றிவிழா எடுப்பது மன்னர்களின் மரபு. காலிழந்தும் கையிழந்தும் திரும்பிய வீரனின் வருங்காலத்தைப் பற்றி எண்ணியோர் மிகச் சிலரே. பிரான்சு நாட்டில் நெடுங்காலம் இப்பொறுப்பைத் துறவற மடங்களே சுமந்தன. ஊனமுற்ற வீரரை அரசர் ஒரு மடத்துக்கு அனுப்புவார். உணவும் உறைவிடமும் தருவது மடத்தின் கடமை. மணியடித்தல், முற்றம் பெருக்குதல் போன்ற சிறு பணிகள் அவருடையவை. ஆயினும் பாசறையில் வாழ்ந்து பழகியவருக்கு மடத்தின் மௌனம் ஒத்துவரவில்லை. பலர் வெளியேறிப் பாரீசுத் தெருக்களில் கையேந்தி நின்றனர்.

1670-ஆம் ஆண்டு பதினான்காம் லூயி மன்னர் இவர்களுக்கென ஓர் இல்லம் அமைக்க ஆணையிட்டார். அதுவே 'அன்வலீத்'. லிபெரால் புருவான் வரைந்த திட்டப்படி எழுந்த அம்மாளிகையில் 1674-இல் முதல் வீரர்கள் குடியேறினர். மடங்கள் முன்பு செலவிட்டுவந்த பணம் இதற்குத் திருப்பிவிடப்பட்டது. போர்ச் செலவில் ஒவ்வொரு லிவ்ருக்கும், அதாவது 240 தெனியேக்கு, 2 தெனியே பிடித்தம் செய்யப்பட்டது. எனவே அங்கு உண்ட உணவைப் பிச்சை எனக் கொள்ளல் தகாது. போரே திருப்பிச் செலுத்திய கடன் அது.

இல்லத்தில் காலணி தைக்கவும் திரைச்சீலை நெய்யவும் பட்டறைகள் இருந்தன. நோயாளரைப் பிறரன்புப் புதல்வியர் பேணினர். ஆன்மப் பணியை லாசரிஸ்துக் குருக்கள் ஏற்றனர். இவ்விரு சபைகளும் புனித வின்சென்ட் தே பவுலின் அருள்முயற்சியால் தோன்றியவை என்பதை நாம் அறிவோம்.

அங்குள்ள ஆலயம் நம் சிந்தனையைத் தூண்டுகிறது. வீரர்கள் முற்றத்தின் வழியே நுழைவர். அரசருக்கோ, மான்சார் எழுப்பிய குவிமாடத்தின் கீழ்த் தனி வாயில். நடுவில் நின்ற பீடம் இரு சாராருக்கும் பொது. வாயில்கள் வேறாயினும் திருப்பலி ஒன்றே!

ஆனால் அரசரின் இரக்கம் அவரது போர்வேட்கையைத் தணிக்கவில்லை. ஆணை பிறந்த இரண்டே ஆண்டுகளில், 1672-இல், அவர் படை ஒல்லாந்தின்மீது பாய்ந்தது. காயத்துக்கு மருந்திட்ட கையே புதுக் காயங்களையும் விளைவித்தது. குவிமாடம் நிறைவுற்ற 1706-லும் ஐரோப்பா போர்க்களமாகவே இருந்தது.

1789 சூலை 14 அன்று மக்கள் துப்பாக்கிகளை எடுத்துச் சென்றது இவ்வில்லத்திலிருந்துதான். அவற்றோடு அவர்கள் சென்ற பஸ்தீல் கோட்டையைக் காத்தவருள் 82 பேர், களப்பணிக்குத் தகுதியிழந்த முதிய வீரர்களே.

1840-இல் நெப்போலியனின் உடல் இங்குக் கொணரப்பட்டு, 1861-இல் குவிமாடத்தின் கீழ் அடக்கம் செய்யப்பட்டது. பின்னர் 1873-இல் இரு ஆலயப் பகுதிகளுக்கும் இடையே கண்ணாடித் தடுப்பு எழுந்தது. இன்று பயணிகள் பேரரசரின் கல்லறையைக் காணத் திரளுகின்றனர். அதே வளாகத்தில், போரில் ஊனமுற்றோர் இன்றும் பராமரிக்கப்படுகின்றனர் என்பதை உணர்ந்தோர் எத்தனை பேர்?

நாடு தன் வெற்றிகளை எங்கே புதைத்தது என்பதைக் கல்லறைகள் கூறும். தன் கடனை அது நினைவில் வைத்திருக்கிறதா என்பதையோ, அந்த நோயாளர் படுக்கைகளே கூறும்.