தகரக் கூரையும் டிரெய்லர் வீடும்: குளிர் தாங்குவதில் ஓர் ஒப்பாய்வு

ஆந்திர எல்லையை ஒட்டி, பள்ளிப்பட்டு வட்டத்தில் இருக்கும் நெசவூர் பொதட்டூர்பேட்டை. மார்கழி, தை விடியற்காலையில் இந்தப் பக்கம் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்கும். திருவள்ளூர் மாவட்டத்தின் மறுகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட். வேலைக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள் தகரக் கொட்டகைகளில் தூங்கும் இடம் அது.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஃபோர்ட் மெக்மரி என்று ஓர் ஊர். 2000-களில் அங்கே எண்ணெய் மணல் தொழில் பெருகியபோது, வாடகைக்கு வீடு கிடைக்காத தொழிலாளர்கள் பலர் காரில் பூட்டி இழுக்கும் டிரெய்லர் வீட்டிலேயே குளிர்காலத்தைக் கழித்தார்கள். ஜனவரி இரவுகளில் அங்கே சராசரியே -20 டிகிரிக்குக் கீழே. திருவள்ளூர்ப் பக்கத்துக்கும் ஃபோர்ட் மெக்மரிக்கும் இடையில் 40 டிகிரி வித்தியாசம். ஆனாலும் மெல்லிய கூட்டுக்குள் தூங்கும் உழைப்பாளியின் உடம்பு படும் பாடு இரண்டிடத்திலும் ஒரே வகைதான்.

முதலில் கூரை. மேகமில்லாத இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். அதனடியில் படுத்திருப்பவரின் உடற்சூட்டையும் அது இழுத்துக்கொள்ளும். டிரெய்லரின் வெளித்தோலும் மெல்லிய அலுமினியமோ கண்ணாடியிழையோதான். ஆனால் அதன் சுவருக்குள் ஓரிரு அங்குலப் பஞ்சோ நுரைப்பலகையோ வைத்து அடைத்திருக்கிறார்கள். அசையாமல் சிறைப்பட்ட காற்றே குளிருக்குத் தடுப்பு. பழைய கீற்றுக்கூரை இதே வேலையைச் செய்தது. தீப்பிடிக்கும், ஆண்டுக்காண்டு மாற்ற வேண்டும் என்பதால் கீற்று போய்த் தகரம் வந்தது; அதில் நியாயம் உண்டு. ஆனால் கீற்றுக்குள் இருந்த காற்றுக்கு ஈடாகத் தகரத்தின் கீழே எதையும் வைக்காமல் விட்டோம்.

அடுத்தது தரை. டிரெய்லர் சக்கரத்தின் மேல் நிற்பதால் அடியில் பனிக்காற்று புகுந்து தண்ணீர்க் குழாய் உறைந்துபோகும். அதனால் வண்டியைச் சுற்றி நுரைப்பலகையோ வைக்கோல் கட்டோ வைத்து அடியை மூடுகிறார்கள். இங்கே சிமென்ட் தரைமேல் ஒற்றைப் பாய் விரித்துப் படுத்தால் முதுகுவழியே சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பாய்க்கு அடியில் போட்டாலே வித்தியாசம் தெரியும். கயிற்றுக்கட்டிலில் படுப்பவர்கள் மேலே இரண்டு போர்வை போர்த்துவதைவிட, ஒன்றை அடியில் விரிப்பது நல்லது. இல்லாவிட்டால் கயிற்றின் இடைவெளி வழியே குளிர்காற்று ஏறும்.

மூன்றாவது ஈரம். தூங்குபவரின் மூச்சிலுள்ள நீராவி குளிர்ந்த தகட்டில் பட்டுத் துளியாகிறது. டிரெய்லரில் அது ஜன்னல் சட்டத்திலும் மெத்தைக்கு அடியிலும் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். கொட்டகையில் விடியற்காலையில் போர்வைமேல் சொட்டும். நனைந்த போர்வை கதகதப்புத் தராது. எரிவாயு அடுப்பைக் கணப்பாக்கினால் ஈரம் இன்னும் கூடும். 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி வெளியேறுகிறது. ஆகவே அத்தனை குளிரிலும் டிரெய்லர்வாசிகள் மேல்திறப்பைச் சற்றே திறந்து வைக்கிறார்கள். இங்கோ குளிருக்குப் பயந்து எல்லா இடுக்கிலும் துணி அடைக்கிறோம்.

நான்காவது நெருப்பு. உயிர் போவது இதில்தான். டிரெய்லரில் பொருத்திய புரொப்பேன் கணப்பு வெளிக்காற்றை இழுத்து எரிந்து, புகையை வெளியிலேயே விடுகிறது. உள்ளே வருவது சூடேறிய காற்று மட்டும். கூடவே கார்பன் மோனாக்சைடைக் கண்டு அலறும் கருவியும் இருக்கும். கொட்டகைக்காரரிடம் இருப்பது கரிச்சட்டி. மூடிய அறையில் கரி கனன்றால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது இரத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. தூங்குபவர் விழிப்பதே இல்லை.

நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. அங்கே குளிர் கொடியது என்பதால் முன்கூட்டியே திட்டமிடுகிறார்கள். இங்கே குளிர் சிறியது என்பதால் அது கணக்கிலேயே வருவதில்லை. ஆனால் சட்டம் அதைக் கணக்கில் வைத்திருந்தது. வெளிமாநிலத் தொழிலாளருக்குத் தகுந்த தங்குமிடமும் பாதுகாப்பு உடையும் ஒப்பந்ததாரர் தர வேண்டும் என்றது 1979-ஆம் ஆண்டுச் சட்டம். வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே போகும் இடங்களில் கம்பளி உடை தரவேண்டும் என்றன அதன் 1980-ஆம் ஆண்டு மத்திய விதிகள். நம் மார்கழி விடியல் தொடும் அதே 20 டிகிரி!

நான்கில் கூரையும் தரையும் பணம் கேட்பவை. ஈரத்துக்கும் நெருப்புக்கும் கவனம் போதும். கொட்டகை கட்டுபவர்களே, தகரத்துக்கு ஒரு சாண் கீழே பாயோ தெர்மாகோலோ வைத்து உள்கூரை போடுங்கள். சித்திரை வெயிலுக்கும் அதுவே காப்பு. தெர்மாகோல் தீப்பற்றும் என்பதால் அடுப்பை வேறிடத்தில் வையுங்கள். ஆளுக்கொரு கட்டிலும் கம்பளியும் கொடுங்கள். சுவரின் மேற்பக்கத்தில் காற்றுத் துளை விடுங்கள். உள்ளே தங்குபவர்களே, எவ்வளவு குளிர்ந்தாலும் கரிச்சட்டியை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுத் தூங்குங்கள்.