விதியே நகர்த்தும் கதை: சூரியக் குடும்பப் பயணப் படைப்புகளில் அறிவியல் மெய்ம்மை

மனிதர் விண்கலம் ஏறிச் சூரியக் குடும்பத்துக்குள் பயணம் செய்வதாகக் காட்டும் படைப்பு அறிவியலுக்கு எவ்வளவு நெருக்கமானது என்று மதிப்பிடுவோர், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதையே முதலில் கணக்கில் எடுக்கின்றனர். கலத்தின் உட்புறம், வீரர்களின் உடை, மிதக்கும் உடல்கள், ஒலியற்ற வெளி ஆகியவை சரியாக அமைந்துவிட்டால் படம் நம்பும்படி இருப்பதாகச் சொல்லப்படுகிறது. இந்த அளவுகோல் போதாது. இயற்கை விதி காட்சிக்குப் பின்னால் தொங்கும் திரையாக மட்டும் இருக்கிறதா, அல்லது கதையின் திருப்பங்களை அதுவே உண்டாக்குகிறதா என்பதுதான் மெய்ம்மையின் உரைகல். தொலைவு, நிறை, காலம் ஆகிய மூன்றும் பாத்திரங்களின் முடிவுகளைக் கட்டுப்படுத்தும் படைப்பில், அரங்க அமைப்பில் நேரும் பிழைகள் பொறுக்கத்தக்கவை. அந்த மூன்றையும் திரைக்கதை விருப்பம்போல் வளைத்துக்கொண்டால், எவ்வளவு துல்லியமான கிராபிக்ஸும் படத்தைக் காப்பாற்றாது.

தமிழ்ச் சூழலில் இந்த அளவுகோலைப் பொருத்தும்போது ஓர் எதிர்வாதம் எழும். கூத்து மரபில் நடிகர் களரியை ஒருமுறை சுற்றி வந்தால் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்ததாகப் பொருள். பார்வையாளர் அதை ஏற்றுக்கொண்டே அமர்கிறார். வழியின் தூரத்தை யாரும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட மரபில் வளர்ந்த கலையிடம் சுற்றுப்பாதைக் கணக்கைக் கேட்பது முறையா? கூத்தைப் பொறுத்தவரை இந்த வாதம் சரியானது. ஆனால் விண்பயணப் படம் வேறோர் உடன்படிக்கையைப் பார்வையாளரிடம் முன்வைக்கிறது. கட்டுப்பாட்டு அறை, கணினித் திரை, இறங்குமுக எண்ணிக்கை ஆகியவற்றைக் காட்டி 'இது நடக்கக்கூடியது' என்று அது உறுதி சொல்கிறது. அந்த உறுதிமொழிக்குத்தான் அது கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது.

ஏ. காசிலிங்கம் இயக்கி, எம்.ஜி.ஆரும் பி. பானுமதியும் நடித்த 'கலை அரசி' 1963 ஏப்ரலில் வெளிவந்தது. வேற்றுக்கோளைச் சேர்ந்தவர்கள் இசையில் வல்ல பெண்ணைத் தங்கள் கோளுக்குக் கொண்டுபோகிறார்கள். நாயகன் அவளைத் தேடிச் செல்கிறான். யூரி ககாரின் பூமியைச் சுற்றி வந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்புவதற்கு (1963 நவம்பர் 21) இன்னும் ஏழு மாதங்கள் இருந்தன. அந்தக் காலத்தை நினைத்தால் படத்தின் துணிவு பெரிது. ஆனால் அதன் எலும்புக்கூடு ஏழு கடல் ஏழு மலை தாண்டிப்போய் இளவரசியை மீட்கும் பழங்கதைதான். கடல்கள் இருந்த இடத்தில் விண்வெளி வந்து நிற்கிறது. அது கூத்தின் உடன்படிக்கையோடு எடுக்கப்பட்ட படம். எனவே இயற்பியல் பிழைகளை எண்ணி அதைக் குறைகூறுவது அப்படத்துக்குச் செய்யும் அநீதி.

அதே பத்தாண்டில் நேர் எதிரான வழியில் போன படைப்பு '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' (1968). ஸ்டான்லி கூப்ரிக்கோடு சேர்ந்து அதன் திரைக்கதையை எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். வியாழனுக்குப் போகும் கலத்துக்குள் செயற்கை எடை உண்டாவதைக் காட்ட, 38 அடி விட்டமுள்ள சுழலும் அரங்கு ஒன்று இப்படத்துக்காக உண்மையாகவே கட்டப்பட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த அளவுள்ள சக்கரம் நிலவின் ஈர்ப்புக்கு இணையான எடையைத் தர நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 முறை சுழல வேண்டும். அப்போது நிற்கும் மனிதரின் காலடியில் உணரப்படும் எடையைவிடத் தலையருகே சுமார் 30 விழுக்காடு குறைவாக இருக்கும். தலையைச் சட்டென்று திருப்பினால் கிறுகிறுக்கும். படம் சக்கரத்தைக் காட்டியது, கிறுகிறுப்பைக் காட்டவில்லை. கலத்தின் தொடக்க வரைவுகளில் வெப்பத்தை வெளியேற்றும் அகன்ற தகடுகள் இருந்தன. இறக்கைகள் என்று பார்வையாளர் தவறாக எண்ணுவர் என்பதால் அவை நீக்கப்பட்டன. காற்றில்லா வெளியில் வெப்பம் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேறும் என்பதால் இது உண்மையான பிழை. ஆயினும் பயணம் மாதக்கணக்கில் நீள்வதும், வீரர்கள் உறைதுயிலில் கிடப்பதும், பூமியோடு பேச்சு உடனுக்குடன் நடக்காததும் கதைக்குள் வலுவாக நிற்கின்றன. அந்தத் தனிமை இல்லாவிட்டால் கணினி ஹால் செய்யும் கொலைகளுக்கு இடமே இல்லை.

'தி மார்ஷியன்' (2015) இதையே வேறு விதமாக நிறுவுகிறது. கதையைத் தொடங்கிவைக்கும் செவ்வாய்ப் புயல் நடக்க முடியாத ஒன்று. அங்குள்ள வளிமண்டல அழுத்தம் பூமியினுடையதில் ஒரு விழுக்காடுகூட இல்லை. எவ்வளவு வேகமான காற்றும் அங்கே கலத்தைச் சாய்க்காது. மூல நாவலை எழுதிய ஆண்டி வெயர் இதைத் தெரிந்தே செய்ததாக வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஒரு பொய்க்குப் பிறகு உணவு, நீர், நாள் எண்ணிக்கை என்று எல்லாமே கணக்குக்குக் கட்டுப்பட்டு நகர்வதால், அது மெய்ம்மை கெடாத படைப்பாகவே நிற்கிறது.

இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்ற விளம்பரத்தோடு 2018 ஜூன் 22 அன்று வெளிவந்தது சக்தி சௌந்தர்ராஜன் இயக்கிய 'டிக் டிக் டிக்'. சென்னையை நோக்கி வரும் சிறுகோளை உடைக்க அணு ஏவுகணை தேவைப்படுகிறது. அது வேறொரு நாட்டின் விண்நிலையத்தில் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் திருடிவர மாயவித்தை தெரிந்த நாயகன் குழுவோடு அனுப்பப்படுகிறான். ஜெயம் ரவி நடித்த இப்படம் பற்றிய விமர்சனங்கள் எடையின்மைக் காட்சிகளையே அதிகம் பேசின. தமிழ்த் திரையுலகம் ரோப் கட்டிப் பறப்பதில் நெடுநாள் தேர்ச்சி பெற்றது. ஆனால் கயிற்றில் தொங்குபவரின் உடல் இடுப்பிலிருந்து தொங்குகிறது, முடியும் உடையும் கீழ்நோக்கியே விழுகின்றன. இதை மறைப்பது கடினம். 'அப்பல்லோ 13' (1995) படக்குழு விமானத்தை வளைகோட்டில் விழச்செய்து ஒவ்வொரு முறையும் சுமார் 25 விநாடி உண்மையான எடையின்மையில் படமெடுத்தது. அதற்கான செலவு தமிழ்ப்படத்துக்குக் கட்டுப்படியாகாது. இது பணத்தின் குறை, சிந்தனையின் குறையன்று.

சிந்தனையின் குறை வேறிடத்தில் இருக்கிறது. படத்தின் கெடு சில நாள்களே. சிறுகோள் ஒன்று விநாடிக்கு 20 கி.மீ. வேகத்தில் வருவதாகக் கொண்டால், ஐந்து நாள்களுக்கு முன் அது 86 லட்சம் கி.மீ. தொலைவில் இருக்கும், நிலவின் தொலைவைக் கடந்தபின் பூமியை அடைய ஐந்தேகால் மணி நேரந்தான் ஆகும். நிலவருகே அதை உடைத்தால், துண்டுகள் பூமியைத் தவறவிட வேண்டுமானால் அவை பக்கவாட்டில் பூமியின் ஆரத்தளவு, அதாவது 6,400 கி.மீ. விலக வேண்டும். அதற்கு ஒவ்வொரு துண்டும் விநாடிக்கு 330 மீட்டருக்கு மேல் பக்கவாட்டு வேகம் பெற்றாக வேண்டும். மலையளவு பாறைக்கு இது நடவாத காரியம். மாறாக, பத்தாண்டுகளுக்கு முன்பே தள்ளிவிட்டால், எளிய கணக்கின்படி விநாடிக்கு 2 செ.மீ. மாற்றமே போதும். 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் கலம் டைமார்ஃபஸ் என்ற சுமார் 160 மீட்டர் குறுக்களவுள்ள சிறுகோளில் மோதி, அது தன் தாய்ச் சிறுகோளைச் சுற்றும் நேரத்தை அரைமணிக்கு மேல் குறைத்தது இந்த வழியைத்தான் சோதித்தது. ஆகவே சிறுகோள் கதையின் இயல்பான நாடகம் கடைசி நிமிடச் சாகசத்தில் இல்லை. இப்போது செலவழித்தால் அடுத்த தலைமுறை பிழைக்கும், தாமதித்தால் பிழைக்காது என்று தெரிந்தும் முடிவெடுக்கத் தயங்கும் மனிதர்களிடம் அது இருக்கிறது. தமிழ்த் திரை கைவிட்டது இந்தக் கதையை.

இன்னொன்றையும் அது கைவிட்டது. ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள், சென்னை வானாய்வகத்தில் என். ஆர். போக்சன் 1861 ஏப்ரல் 17 அன்று கண்ட 'ஏஷியா'. காவலூர் வானாய்வகத்தில் ஆர். ராஜமோகன் 1988 பிப்ரவரி 17 அன்று கண்ட சிறுகோளுக்கு 'ராமானுஜன்' என்று பெயர். சிறுகோளைத் தேடிப் பார்த்த வரலாறு உள்ள ஊரில், அதைப் பார்ப்பவர்கள் கதைக்குள் முக்கியமானவர்களாக இல்லை.

விளைவுகளைப் பொறுத்தவரையும் இப்படிப்பட்ட கதைகள் மேலோட்டமாக நின்றுவிடுகின்றன. வங்கக் கடலில் பெரும்பாறை விழுந்தால் எழும் அலை சென்னையோடு நிற்காது. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, வேதாரண்யம் வட்டாரம் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில் சமதரையாகக் கிடக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தனர். உப்பேறிய நெல்வயல்களை மீட்க ஜிப்சம் இட்டு, நல்ல நீர் பாய்ச்சி உப்பைக் கழுவ வேண்டியிருந்தது. பாறை விழுந்து எழும் அலைகள் நிலநடுக்க அலைகளைவிடக் குறுகிய அலைநீளம் கொண்டவை என்பதால் தொலைவில் விரைவில் வலுவிழக்கும் என்ற நுணுக்கமும் இங்கே பயன்படும்: எந்த ஊருக்கு எவ்வளவு என்பது விழும் இடத்தைப் பொறுத்து மாறும். இத்தகைய பகுதியைக் காலிசெய்வது, ஆடுமாடுகளை விட்டுவர மறுப்பவர்கள், அறுவடைக்கு நிற்கும் சம்பா என்று பூமியில் நடக்கும் பாதிக் கதைக்கு இங்கே நிறைந்த பொருள் உண்டு.

சங்கல்ப் ரெட்டி இயக்கிய தெலுங்குப் படம் 'அந்தரிக்ஷம் 9000 கேஎம்பிஎச்' 2018 டிசம்பரில் வந்தது. பொறியியல் பேச்சுக்கு அது கூடுதல் இடம் தருகிறது. ஆனால் தலைப்பில் உள்ள வேகமே கேள்விக்குரியது. 400 கி.மீ. உயரத்தில் பூமியைச் சுற்ற மணிக்கு ஏறத்தாழ 27,600 கி.மீ. வேகம் வேண்டும், அங்கே 9,000 கி.மீ. வேகத்தில் போகும் பொருள் தரையில் விழுந்துவிடும். விண்வெளியில் உயரத்தைவிட வேகமே அடிப்படை என்பதும், எடையின்மை ஈர்ப்பு இல்லாததால் வருவதன்று, இடைவிடாமல் விழுந்துகொண்டே இருப்பதால் வருவது என்பதும் இந்தியத் திரையில் இன்னும் கதைப்பொருளாகவில்லை.

விதி கதையை நகர்த்தும் என்பதற்குச் சிறந்த சான்று, ஆள் ஏறாத ஒரு பயணத்தில் கிடைக்கிறது. 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய செவ்வாய்க் கலம் மங்கள்யானின் எடை 1,337 கிலோ. அதில் 852 கிலோ எரிபொருள். மயில்சாமி அண்ணாதுரை ஒட்டுமொத்தத் திட்டத்தின் தலைமைப் பொறுப்பிலும் எஸ். அருணன் திட்ட இயக்குநராகவும் இருந்தனர். பிஎஸ்எல்வி ராக்கெட்டுக்குக் கலத்தை நேராகச் செவ்வாய்க்கு எறியும் வலு இல்லை. எனவே பூமியைச் சுற்றிச்சுற்றிப் படிப்படியாக உயர்த்தினர். நான்காவது உயர்த்தலில் வேண்டிய வேக அதிகரிப்பு கிடைக்கவில்லை; மறுநாள் கூடுதலாக ஒருமுறை இயந்திரத்தை இயக்கிக் குறையை ஈடுகட்டினர். புறப்பாட்டு வாய்ப்பு 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வரும். தவறினால் காத்திருப்பைத் தவிர வழியில்லை. ஏறத்தாழ 300 நாள்கள் ஓய்ந்துகிடந்த முதன்மை இயந்திரம் 2014 செப்டம்பர் 22 அன்று 4 விநாடி சோதிக்கப்பட்டது. 24ஆம் நாள் காலை 24 நிமிடம் எரிய வேண்டியிருந்தது. அந்த நேரத்தின் பெரும்பகுதியில் கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்திருந்தது. குறிகை வந்துசேர 12 நிமிடத்துக்கு மேல் ஆகும். அறையில் இருந்தவர்கள் செய்தி கேட்டபோது, வெற்றியோ தோல்வியோ ஏற்கெனவே முடிந்துபோயிருந்தது. எந்தத் திரைக்கதை ஆசிரியரும் இதைவிட இறுக்கமான காட்சியைப் புனைய முடியாது. இந்தப் பயணத்தைக் கதையாக்கிய 'மிஷன் மங்கள்' (2019) எரிபொருள் சிக்கனத்தைப் பூரி பொரிப்பதோடு ஒப்பிட்டு விளக்கியது, விளக்கம் நன்று. ஆனால் இந்தக் காலதாமதத்தின் வலியை அது போதிய அளவு பயன்படுத்தவில்லை.

இந்தக் கலத்தில் மனிதரை ஏற்றிப் பார்த்தால் சிக்கல் விளங்கும். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.84 கிலோ ஆக்சிஜன் வேண்டும். போய்வர சுமார் 900 நாள்கள் என்று கொண்டால், மூவருக்கு ஆக்சிஜன் மட்டும் இரண்டேகால் டன்னைத் தாண்டும். அது மங்கள்யானின் மொத்த எடையைவிட அதிகம். நீரும் உணவும் சேர்ந்தால் பல மடங்கு. ஆகவே மறுசுழற்சிக் கருவி பழுதாவது ஒரு கொலைக்கு நிகரான கதைத் திருப்பம். பூமியைக் கேட்டுவிட்டுப் பதில் பெற, செவ்வாயின் இருப்பிடத்தைப் பொறுத்து 6 முதல் 44 நிமிடம் ஆகும் என்பதால் தலைவரின் அதிகாரமும் குழுவின் பிணக்கும் புதிய வடிவம் எடுக்கின்றன. நிகழ்நேர உரையாடலைக் காட்டும் படங்கள் இந்த நாடகத்தைத் தாமே அழித்துக்கொள்கின்றன.

இந்திய எழுத்தாளருக்கு இப்போது நேரடிச் சான்றுகளும் கிடைக்கத் தொடங்கியுள்ளன. இந்தியாவின் மனித விண்பயணத் திட்டமான ககன்யானுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நால்வரின் பெயர் 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது; அவர்களுள் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அந்த நால்வருள் ஒருவரான சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 25 அன்று புறப்பட்டுப் பன்னாட்டு விண்நிலையத்தில் தங்கி, ஜூலை 15 அன்று திரும்பினார். முதல் நாள்களின் குமட்டல், முகம் வீங்குதல், திரும்பியபின் நடக்கப் பழகும் மறுவாழ்வுப் பயிற்சி ஆகியவை விண்பயணத்தின் பொதுவான உடல் அனுபவங்கள். ஆறு மாதம் எடையின்றி இருந்தவர் செவ்வாயில் இறங்கும்போது தாங்கிப்பிடிக்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்; குழுவே தள்ளாடிக்கொண்டு முதல் நாள் வேலையைத் தொடங்க வேண்டும். வெற்றிக் கொடியோடு நிமிர்ந்து நடந்து இறங்கும் நாயகனைவிட, ஏணியின் கடைசிப் படியில் கால் நடுங்க நின்று, பூமிக்கு அனுப்பிய செய்திக்குப் பதில் வரும்வரை காத்திருக்க முடியாமல் தானே முடிவெடுக்கும் ஒருவர் தமிழ்த் திரைக்கு இன்னும் வந்து சேரவில்லை.