கடல்கோளும் மணற்சான்றும்

கடல் பொங்கி நிலத்தைக் கொண்ட செய்தி தமிழ் மக்களுக்குப் புதியதொன்றன்று. பழைய மதுரையும் கபாடபுரமும் கடல்கொள்ளப்பட்டன என்று இறையனார் களவியலுரை கூறும். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் விழுங்கிற்று என்று மணிமேகலை கூறும். இச்செய்திகளை வெறுங்கற்பனை என்று இகழ்ந்து ஒதுக்குவாரும் உளர். கடற்கரையில் யாதொரு செங்கற்சுவர் வெளிப்படினும் உடனே அதனை அக்கடல்கோளுக்குச் சான்றாக்கி மகிழ்வாரும் உளர். இவ்விருதிறத்தாரும் உண்மையை அணுகும் நெறியினின்று விலகியவரே என்பது எமது கருத்து. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பொருளின் உண்மையைத் துணிதற்கு அளவை வேண்டும் என்பது நம் சித்தாந்த நூலோர் கொள்கை. அருணந்தி சிவாசாரியர் தம் சிவஞான சித்தியாரில் அளவையையே முதற்கண் வைத்து, பிறர் கூறும் அளவைகள் பலவாயினும் அவை காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்று காட்டினார். மெய்ப்பொருளாராய்ச்சிக்கு வகுத்த இம்முறை உலகியல் வரலாற்றுக்கும் பெரிதும் துணைசெய்வதாம். முன்னோர் எழுதிவைத்தது உரை. நம் கண்முன் நிகழ்ந்தது காண்டல். நிகழ்ந்ததன் சுவட்டைக்கொண்டு நிகழ்ச்சியை அறிவது கருதல்.

முதலிற் காண்டலைக் கொள்வாம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை, நம் நாட்டு நேரப்படி 6 மணி 29 நிமிட அளவில், சுமத்திராத் தீவின் வடமேற்கே கடலடி நிலம் அதிர்ந்தது. அதன் வலிமை 9.1 என அளக்கப்பட்டது. கடலின் அடித்தளம் திடீரென உயர்ந்தும் தாழ்ந்தும் இடம்பெயர்ந்தமையால் மேலிருந்த நீர் முழுவதும் அசைந்து, சப்பானியர் சுனாமி என வழங்கும் ஆழிப்பேரலையாகப் பரந்தது. இரண்டு மணி நேரத்திற்குமேல் கழித்து அது நம் கரையை அடைந்தது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவருள் 6,000க்கு மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். கடல் பின்வாங்கியதைக் கண்டு வியந்து நின்றார் பலர். அப்பின்வாங்கலே பேரலையின் முன்னறிகுறி என்பதனை உணர்ந்தாரிலர்.

இனி, கருதலுக்கு வருவாம். இக்கட்டுரை எழுதப்படும் கடத்தூர், தருமபுரி மாவட்டத்தில், கடலோசை எட்டாத தொலைவில் உள்ளது. இம்மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. ஆநிரை மீட்டு இறந்த வீரனது பெயரையும், அக்காலத்து அரசனது ஆட்சியாண்டையும் அக்கற்கள் நமக்கு அறிவிக்கின்றன. கடல்கோளுக்கோ கடல் கொணர்ந்த மணலே நடுகல்லாக நிற்கின்றது. பேரலையானது கடலடி மணலை வாரிக்கொணர்ந்து கரைநிலத்தின்மேற் பரப்பிச் செல்லும். பின்னர்ச் சேறும் வண்டலும் அதனை மூடும். குழி தோண்டிப் பார்க்குங்கால், கரிய சேற்றினிடையே வெண்மணல் ஓரடுக்காகத் தோன்றும். அம்மணலிற் கடலில் வாழும் நுண்ணுயிர்களின் ஓடுகள் கலந்திருத்தலும், கீழே பருமணலும் மேலே நுண்மணலுமாக அமைதலும், கரையினின்று உட்செல்லச் செல்ல அடுக்கு மெலிதலும் அது கடல் கொணர்ந்தது என்பதற்கு அடையாளங்கள். உடன் கிடக்கும் கரித்துண்டின் கரியணுவை அளந்தும், மணற்றுகள் இறுதியாக ஞாயிற்றொளி பெற்ற காலத்தை அளந்தும் அதன் காலத்தை வரையறுப்பர்.

இம்முறையால், தாய்லாந்து நாட்டுப் பிராதோங் தீவில், 2004ஆம் ஆண்டு மணலுக்கு முந்திய மணலடுக்கு 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முற்பட்டது எனக் கண்டனர். சுமத்திராவின் ஆச்சே நாட்டில் கி.பி. 1290–1400க்கு இடைப்பட்டதும், கி.பி. 780–990க்கு இடைப்பட்டதுமாகிய இரண்டு அடுக்குகளைக் கண்டனர். இவ்விரண்டு ஆராய்ச்சியும் 2008ஆம் ஆண்டு வெளிவந்தன. ஆகவே 2004ஆம் ஆண்டு நிகழ்ச்சி முன்னொருபோதும் நிகழாத புதுமையன்று என்பது பெறப்பட்டது.

நம் பழந்துறைமுகமாகிய காவிரிப்பூம்பட்டினத்தில் நிலை யாது? இந்தியத் தொல்லியல் துறையினர் 1960களிற் செய்த அகழாய்வில், கீழையூரில் மரக்கம்பங்களோடு கூடிய செங்கற் படகுத்துறை வெளிப்பட்டது. அக்கம்பத்தின் காலம் ஏறத்தாழக் கி.மு. மூன்றாம் நூற்றாண்டென அளக்கப்பட்டது. பின்னர், கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் கரையோரக் கடலில் ஆராய்ந்து செங்கற் கட்டடங்களின் எச்சங்களைக் கண்டனர். பழையவூரின் ஒரு பகுதி இன்று நீருள் இருப்பது இதனால் தெளிவு. ஆயினும், ஊர் நீருட்படுதற்கு ஒரு நாளிற் பாயும் பேரலை மட்டுமே காரணமாதல் வேண்டுமென்பதில்லை. நூற்றாண்டுதோறும் கரையை அரிக்கும் கடலும், தடம்மாறும் ஆறும் அதனைச் செய்யவல்லன.

2011ஆம் ஆண்டு, நிலநூலறிஞர் சி. பி. இராசேந்திரனும் குசலா இராசேந்திரனும் பிறரும், காவிரிப்பூம்பட்டினத்து மண்ணடுக்குகளை ஆய்ந்து, பேரலை கொணர்ந்த மணல் எனத் தாம் கருதும் அடுக்கொன்றை வெளியிட்டனர். அதன் காலம் ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன், அஃதாவது சோழப் பேரரசர் காலம். ஈண்டு நாம் உற்றுநோக்க வேண்டுவது ஒன்றுண்டு. மணிமேகலையின் காலம்பற்றி அறிஞர் வேறுபடுவரேனும், அந்நூல் சோழப் பேரரசுக்கு முற்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆதலின் இம்மணல் மணிமேகலை கூறும் கடல்கோளுக்குச் சான்றாகாது. பிறிதொரு கடல்கோளையே சுட்டும்.

அன்றியும், மணிமேகலை கூற்றை ஊர் முற்றும் அழிந்ததெனப் பொருள் கொள்ளுதலும் பொருந்தாது. ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தப் பெருமான் காவிரிப்பூம்பட்டினத்துப் பல்லவனீச்சரத்தை இரண்டு பதிகங்களாற் பாடியருளினார். அணித்தாகிய சாய்க்காட்டையும் பாடினார். கோயிலும் அடியாரும் உள்ள ஊரையே அவர் பாடினார் என்பது வெளிப்படை. எனவே உரையும் உரையும் மாறுபடுவனபோலத் தோன்றுமிடத்து, ஒன்றைப் பொய்யென்னாது, கடல் கொண்டது ஊரின் ஒரு பகுதி என்று கொள்ளின் இரண்டும் இயைவனவாம்.

மாமல்லபுரத்திற்கு வடக்கேயுள்ள சாளுவன்குப்பத்திற் கிடைத்தது மற்றொரு சான்று. 2004ஆம் ஆண்டுப் பேரலை மணலை அகற்றிச் சென்றபின் கல்வெட்டுடைய பாறையொன்று அங்கே புலப்பட்டது. அதனைத் தொடர்ந்து தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, கல்வெட்டுக்கள் திருவீழ்ச்சில் என்று கூறும் ஊரின் முருகன் கோயில் வெளிப்பட்டது. பல்லவர் காலத்துக் கற்கோயிலின் அடியில் அதனினும் பழைய செங்கற்கோயில் இருந்தது. இரண்டும் வெவ்வேறு காலத்துப் பேரலைகளால் அழிந்தன என்று அகழ்ந்தோர் கருதினர். அழிந்த கோயிலின்மேலேயே பின்வந்தோர் மீண்டும் கோயில் எடுத்தனர் என்பது நம் நெஞ்சை உருக்குவதாம்.

கருதலளவை பிழைபடாதிருக்க ஓர் எச்சரிக்கையும் வேண்டும். புயலும் கடலை நிலத்தின்மேற் செலுத்தும். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாளிரவு தனுக்கோடியை அழித்தது புயலே; பயணிகளோடு இரயில் வண்டியும் அன்று மூழ்கிற்று. புயல்மணலையும் பேரலைமணலையும் வேறுபிரித்தறிதல் எளிதன்று. புகை நெருப்பைக் காட்டும். மூடுபனியைப் புகையென மயங்கினோர்க்கு அவ்விடத்து நெருப்பில்லை.

இவ்வாராய்ச்சியாற் பயன் என்னை என்பார்க்குச் சப்பான் நாடே விடையாகும். அந்நாட்டுச் செந்தாய்ச் சமவெளியைக் கி.பி. 869ஆம் ஆண்டில் கடல் கொண்டதென அவர்தம் பழைய வரலாற்றேடு கூறிற்று. அறிஞர் அங்குத் தோண்டி, கடலினின்று பல கிலோமீட்டர் உள்ளே அம்மணலைக் கண்டு, அத்தகையது மீண்டும் வரக்கூடும் என எச்சரித்தனர். அவ்வெச்சரிக்கை செயலாகுமுன்னரே, 2011ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் கடல் மீண்டும் வந்தது. உரையும் கருதலும் ஒன்றுபட்டு நின்றும், கேளாமையால் உயிர்கள் அழிந்தன.

நம் நாட்டில் 2007ஆம் ஆண்டு ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை நிலையம் நிறுவப்பட்டது. கருவி அறிவித்தாலும், கேட்பவர் நெஞ்சில் நினைவு இருந்தாலன்றி அவ்வறிவிப்புப் பயன்படாது. கடல்கோளைக் கூறும் நம் நூல்களைப் பெருமைக்கென்று மட்டும் கொண்டாடாது, முன்னோர் விட்டுச்சென்ற எச்சரிக்கையாகவும் கொள்வோமாக. கரையில் வாழும் நம் மக்களுக்கு, கடல் பின்வாங்கின் மேட்டுநிலம் ஏறுக என்னும் ஒரு சொல்லையேனும் கற்பிப்போமாக.