இயர்போனும் ஹெட்போனும்: தேர்ந்து வாங்கும் வகை

கையடக்கமான இசைக்கருவியிலிருந்து புறப்படும் மின்னோட்டத்தை, அதை அணிந்திருப்பவர் ஒருவருக்கு மட்டும் கேட்கும் சப்தமாக மாற்றித் தரும் சிறு சாதனங்களுள், தலைக்கு மேலாக வளைந்து செல்லும் பட்டையொன்றினால் இரு காதுகளின்மீதும் அமர்ந்திருப்பவற்றை ஹெட்போன் என்றும், காதுமடலின் குழிவிலோ செவித்துளையினுள்ளேயோ செருகிக்கொள்ளப்படுபவற்றை இயர்போன் என்றும் வழங்குவர். கூடத்தில் வைக்கப்பட்ட ஒலிபெருக்கி எவ்வாறு அக்கூடத்தின் சுவர்களோடும் கூரையோடும் சேர்ந்தே ஒலிக்கிறதோ, அவ்வாறே இவையும் அணிபவருடைய காதோடு சேர்ந்தே ஒலிக்கின்றன. ஆகவே கடையில் பெட்டிக்குள் இருப்பது பாதிச் சாதனமே, மற்றப் பாதியை வாங்குபவர் தம்முடனேயே கொண்டுவருகிறார். ஒருவருக்கு உத்தமமாகப் பட்ட இயர்போன் இன்னொருவருக்கு வெறும் இரைச்சலாகப் படுமானால், அதை ரசனை பேதம் என்று தள்ளிவிடுமுன் அது அவர் காதில் சரியாகப் பொருந்தியதா என்று பார்ப்பது நலம்.

தொலைபேசி நிலையங்களிலும் கம்பியில்லாத் தந்தி நிலையங்களிலும் ஊழியர்கள் அணிந்திருந்த கனத்த கேட்புக் கருவிகளே இவற்றின் மூதாதைகள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் கையாலேயே செய்த ஹெட்போன்களை 1910-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கடற்படைக்கு விற்கத் தொடங்கினார். 1937-இல் பெர்லினில் ஆய்கன் பேயரின் கம்பெனி, காந்தப் புலத்தின் நடுவே அசையும் கம்பிச் சுருளைக் கொண்ட டி.டி. 48 என்னும் ஹெட்போனை வெளியிட்டது. 1958-இல் மில்வாக்கி நகரத்து ஜான் காஸ், அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்த ஸ்டீரியோ இசைத்தட்டுகளைத் தனியே கேட்பதற்கென்று ஒன்றைச் சந்தைக்குக் கொணர்ந்தார். 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி, காதை அடைத்து மூடாமல் மெல்லிய பஞ்சுத் திண்டின் வழியே சப்தத்தை விடும் எச்.டி. 414 என்னும் திறந்த வகையை அறிமுகப்படுத்தியது. இவையெல்லாம் நாற்காலியில் அமர்ந்து கேட்பவர்க்கென்று ஏற்பட்டவை. நடந்துகொண்டே கேட்பவர் என்ற புதிய ஜாதி ரசிகர் தோன்றியது 1979 ஜூலை 1-ஆம் நாள் ஜப்பானில் சோனி கம்பெனியின் வாக்மேன் விற்பனைக்கு வந்த பிற்பாடே. அதுவரை முந்நூறு, நானூறு கிராம் எடையிருந்த ஹெட்போனை ஏறக்குறைய 50 கிராமுக்குக் குறைக்க முடிந்திராவிட்டால், அந்தக் கருவி எவ்வளவு சிறிதாக இருந்தும் பயனில்லாமற் போயிருக்கும் என்பது நினைவில் வைக்கத்தக்கது. இருவர் சேர்ந்து கேட்கும்பொருட்டு அதில் இரண்டு துளைகள் வைத்திருந்தார்கள் என்பதும் ஒரு சுவையான செய்தி. தனிமையில் இசை கேட்பதை அக்காலத்தார் சற்று மரியாதைக் குறைவாகக் கருதினார்கள் போலும். 2001 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட ஐபாடுடன் வந்த வெள்ளை இயர்போன், கேட்கும் தரத்தைவிடக் கண்ணில் படும் நிறத்தினாலேயே உலகப் பிரசித்தி பெற்றது.

இனித் தேர்வு. விலையையும் பெயரையும் பார்க்குமுன், எந்த இடத்தில் கேட்கப்போகிறோம் என்பதை நிச்சயித்துக்கொள்ள வேண்டும். காது முழுவதையும் சூழ்ந்துகொள்ளும் பெரிய ஹெட்போன்களுள் திறந்த வகை, பின்புறம் சல்லடைபோல் விடப்பட்டிருப்பதால், இசை தலைக்குள் அடைபட்டதாகத் தோன்றாமல் விசாலமாக ஒலிக்கும். ஆனால் வெளிச்சப்தம் அனைத்தும் தடையின்றி உள்ளே வருவதோடு, உள்ளே ஒலிக்கும் பாட்டு பக்கத்து இருக்கைக்காரருக்கும் கேட்கும். ஆகையால் அது அமைதியான அறைக்கே உரியது. மூடிய வகை பேருந்துக்கும் அலுவலகத்துக்கும் ஏற்றது. எனினும் நம் கோடைக்காலத்தில் அதன் தோல் திண்டுக்குள் காது வியர்ப்பதைப் பற்றி விளம்பரங்கள் ஒன்றும் சொல்வதில்லை. காதின்மேல் அமரும் சிறு ஹெட்போன்கள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை; மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு அரைமணிக்குள் வலியெடுக்கச் செய்யும் குணம் இவற்றுக்கு உண்டு.

பிரயாணத்தில் கேட்பவர் பலரும் நாடுவது செவித்துளையை அடைத்து நிற்கும் இயர்போன். இதன் சரித்திரம் காது கேளாதோர்க்கான கருவிகளோடு பிணைந்தது. அமெரிக்காவில் மீட் கில்லியன் என்னும் செவியியல் அறிஞர் நிறுவிய எட்டிமோட்டிக் ரிஸர்ச், 1991-இல் இ.ஆர். 4 என்னும் இயர்போனை வெளியிட்டது. 1995-இல் ஜெர்ரி ஹார்வி என்னும் ஒலிப் பொறியாளர், மேடையில் டிரம் வாசிக்கும் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகக் காதின் அச்செடுத்து அமைத்தது இன்னொரு கிளையின் தொடக்கம். இவ்வகையின் நன்மை தீமைகள் எல்லாம் அதன் நுனியிலுள்ள சிறு ரப்பர் முனையைப் பொறுத்தவை. முனைக்கும் துளைக்கும் நடுவே மயிரிழை போன்ற இடைவெளி இருந்தாலும் கீழ்ஸ்தாயி ஒலிகள் அதன் வழியே கசிந்து மறைந்துவிடும். மேல்ஸ்தாயி மட்டும் நின்று, இசை தகரத்தைத் தட்டினாற்போலாகும். பெட்டியில் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவுகளில் வரும் முனைகளைப் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே மாட்டியிருந்த நடுத்தர முனையோடு கேட்டுவிட்டு, "பாஸ் இல்லை" என்று குறைகூறி அதைவிட விலை உயர்ந்த ஒன்றைத் தேடிப் போகிறார்கள். இடக்காதும் வலக்காதும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்ற நியதியில்லாமையால், ஒரு பக்கம் சிறியதும் மறுபக்கம் நடுத்தரமுமாக மாட்டிக்கொள்வதில் பிழையொன்றுமில்லை. அழுத்தினால் சுருங்கிக் காதினுள் மெல்ல விரியும் பஞ்சு முனைகள் இன்னும் நன்றாக அடைக்கும். ஆனால் அவை சில மாதங்களில் நைந்துபோகும். துளை அடைபட்டபின் தம் காலடி ஓசையும், மெல்லும் ஓசையும், கம்பி சட்டையில் உரசும் ஓசையும் பெரிதாகக் கேட்பது சிலருக்குச் சகிக்காது. கம்பியைக் காதுக்கு மேலாகச் சுற்றிப் பின்புறம் விட்டுக்கொண்டால் உரசல் பெருமளவு தணியும். காதுக்குள் ஒன்றைச் செருகுவதே பிடிக்காதவர்கள், மடலின் குழிவில் தளர்ந்து நிற்கும் பழைய ஐபாட் மாதிரியான இயர்போனோடு நின்றுவிடுவதே மேல். அதற்குரிய விலையை அவர்கள் வெளிச்சப்தத்தின் வடிவில் கொடுத்தாக வேண்டும்.

அடுத்தது இசைக்கருவியின் சக்தி. ஹெட்போனின் மின்தடையை ஓம் என்னும் அலகால் குறிப்பார்கள். கையடக்கக் கருவிகளுக்கென்று செய்யப்படுபவை பெரும்பாலும் 16 முதல் 32 ஓம் வரை இருக்கும். ஒலிப்பதிவுக் கூடங்களுக்கென்று செய்யப்படுபவற்றில் 250, 600 ஓம் உள்ளவையும் உண்டு. சிறு பாட்டரியில் ஓடும் கருவி ஒரு வோல்ட் மின்னழுத்தம் தருவதாக வைத்துக்கொண்டால், 32 ஓம் ஹெட்போனுக்கு ஏறத்தாழ 31 மில்லிவாட் கிடைக்கும். அதே கருவியிலிருந்து 600 ஓம் ஹெட்போனுக்குக் கிடைப்பது 2 மில்லிவாட்டுக்கும் குறைவு. சிறந்தது என்று பலர் புகழக் கேட்டுப் பெருவிலை கொடுத்து வாங்கியது சட்டைப்பைக் கருவியில் முனகுவதன் காரணம் இதுதான். ஓம் ஒன்றை மட்டும் பார்த்தாலும் போதாது. குறிப்பிட்ட மின்சக்திக்கு எத்தனை டெசிபல் சப்தம் எழும்புகிறது என்னும் உணர்திறனையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. சில கம்பெனிகள் இதை ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்றும், வேறு சில ஒரு வோல்ட்டுக்கு இத்தனை டெசிபல் என்றும் அச்சிடுகின்றன. 32 ஓம் ஹெட்போன் ஒன்று மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தருமானால், அதையே வோல்ட் கணக்கில் 115 என்று எழுதலாம். இரண்டும் ஒன்றே, ஆயினும் அட்டைகளை அருகருகே வைத்துப் பார்ப்பவர் இரண்டாவதே பலமடங்கு வலியது என்று ஏமாறுவார். மிகுந்த உணர்திறன் எப்போதும் வரமன்று. கருவியின் உள்ளிருந்து வரும் மெல்லிய சீறலையும் அது எடுத்துக் காட்டிவிடும்.

உள்ளே சப்தத்தை எழுப்பும், டிரைவர் எனப்படும் பொறியைப் பற்றி நெடிய விளக்கம் வேண்டியதில்லை. அசையும் சுருளுடைய வகையே பரவலானது. காது கேட்கும் கருவிகளிலிருந்து வந்த மிகச் சிறிய ஆர்மேச்சர் வகை, உயர்ந்த இயர்போன்களில் ஒன்றுக்கு மேற்பட்டதாகச் சேர்த்து வைக்கப்படுகிறது. ஜப்பானில் ஸ்டாக்ஸ் கம்பெனி 1960 முதல் செய்துவரும் நிலைமின் வகைக்குப் பல நூறு வோல்ட் தரும் தனிப்பெட்டி தேவையாதலால், அது பெரும்பாலும் வீட்டில் இருந்து கேட்பதற்கே உரியது. ஒரு காதுக்கு இத்தனை டிரைவர் என்று எண்ணிக்கையைப் பறைசாற்றும் விளம்பரங்களில் எண்ணிக்கைதான் நிச்சயம், இசை நிச்சயமில்லை.

எஞ்சின் இரைச்சலை எதிரலையால் அழிக்கும் ஹெட்போன் இன்று பெரிதும் விரும்பப்படுகிறது. ஒரு சப்தத்துக்கு நேர் எதிரான சப்தத்தை உண்டாக்கி இரண்டையும் தணிக்கலாம் என்னும் கருத்துக்கு ஜெர்மானியரான பால் லூயெக் 1936-இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வங்காளத் தந்தைக்குப் பிறந்து மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்த அமர் போஸ், 1978-இல் ஐரோப்பாவிலிருந்து விமானத்தில் திரும்பும்போது தமக்குத் தரப்பட்ட ஹெட்போனில் எஞ்சின் இரைச்சலையே அதிகம் கேட்டு, விமானத்திலேயே கணக்குப் போடத் தொடங்கினார் என்பர். அவருடைய கம்பெனியின் விமானிகளுக்கான ஹெட்போன் 1989-இலும், பொதுஜனங்களுக்கானது 2000-இலும் வெளிவந்தன. ஒரே சீராக ஒலிக்கும் தாழ்ந்த உறுமலை இது நன்றாக அடக்கும். பக்கத்தில் இருப்பவர் பேச்சையும் குழந்தையின் அழுகையையும் அவ்வளவாக அடக்காது. நன்றாக அடைக்கும் ரப்பர் முனை, அதில் ஒரு பகுதி வேலையை பாட்டரி இல்லாமலே, மிகக் குறைந்த செலவில் செய்துவிடுகிறது என்பது இதை எழுதுபவனின் அபிப்பிராயம். தெருவைக் கடக்கும்போது இரண்டையும் கழற்றிவிட வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

விலைக்கும் நாதத்துக்கும் உள்ள சம்பந்தம் மிகத் தளர்ந்தது. 2017-இல் ஜெரூன் பிரீபார்ட் என்னும் ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன்களின் அதிர்வெண் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் தொடர்பு காணப்படவில்லை என்று அறிவித்தார். அதிக விலை வாங்கித் தருவது பெரும்பாலும் உறுதியான கட்டுமானம், மிருதுவான திண்டு, கழற்றி மாற்றத்தக்க கம்பி, பழுதானால் பொறுப்பேற்கும் கம்பெனி ஆகியவற்றை, இவையும் அற்பமல்ல. அட்டையில் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று அச்சிட்டிருப்பது, அவ்வெல்லைக்குள் ஏற்றத்தாழ்வு எத்தனை டெசிபல் என்று கூறாதவரை, ஒன்றையும் தெரிவிக்காத எண்ணாகும்.

ஆகவே இயன்றால் கேட்டுப் பார்த்தே வாங்கவேண்டும். கடைக்காரர் போட்டுக்காட்டும் பாட்டைத் தவிர்த்து, பலமுறை கேட்டுப் பழகிய ஒலிப்பதிவொன்றை எடுத்துச் செல்வது உசிதம். கர்நாடக சங்கீத ரசிகருக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு: தம்புராவின் ஜீவாளி இழை எழுப்பும் ரீங்காரம் தெளிவாகப் பிரிந்து கேட்கிறதா, மிருதங்கத்தின் தொப்பி எழுப்பும் கும்காரம் வீங்கிப் பாடகரின் குரலை மூடாமல் இருக்கிறதா, நாகஸ்வரம் உச்சத்தில் காதைக் கீறாமல் ஒலிக்கிறதா என்ற மூன்று சோதனைகளுக்குள் குறைநிறைகள் அநேகமாக வெளிப்பட்டுவிடும். இரண்டை ஒப்பிடும்போது சப்த அளவைச் சமமாக்கிக்கொள்வது அவசியம்; சற்று உரக்க ஒலிப்பது எதுவோ அதுவே சிறந்ததாகத் தோன்றும் மயக்கம் மனிதக் காதுக்கு இயல்பானது. நூறு மணி நேரம் ஓடவிட்டால் இயர்போன் பழுத்துச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பும் விற்பனையாளர் உண்டு. பழகுவது அனேகமாகக் கேட்பவர் காதுதான். அதற்குள் பொருளைத் திருப்பித் தரும் கெடு கடந்துவிடும்.

உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018-இல் கூடி வகுத்த அளவின்படி, வயது வந்தோர் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம்; குழந்தைகளுக்கு அந்த எல்லை 75. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அனுமதிக்கத்தக்க நேரம் பாதியாகக் குறைகிறபடியால், 89 டெசிபலில் வாரம் 5 மணி நேரமே மிஞ்சும். ரயில் இரைச்சலை வெல்லச் சப்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறவர் அறியாமலேயே இந்த வரம்பைத் தாண்டுகிறார் என்பதால், நன்றாக அடைக்கும் இயர்போன் காதைக் காக்கும் சாதனமுமாகிறது.

கம்பியா, புளூடூத்தா என்ற கேள்விக்குக் கையிலுள்ள கருவியே பாதி விடை சொல்லிவிடும். பழைய இசைக்கருவிகள் பலவற்றில் புளூடூத் இல்லை. 2016-இல் வந்த ஐபோன் 7 முதலாகப் பல கைபேசிகளில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லை. மைக் வைத்த இயர்போனின் செருகியில் நான்கு தொடுபகுதிகள் இருப்பதால், அது சில பழைய துளைகளில் சரியாகப் பதியாமல், வாத்தியங்கள் கேட்க, நடுவிலிருந்து ஒலிக்கவேண்டிய பாடகர் குரல் மட்டும் எங்கோ கரைந்து போவதுண்டு. பொருள் பழுதென்று கருதிவிடாமல் செருகியைச் சற்று இழுத்துப் பார்ப்பது நல்லது. கம்பியுள்ளவற்றில் முதலில் அறுவது செருகியை ஒட்டிய இடமாதலால், அங்கே வளையும் ரப்பர் காப்பு உள்ளதையோ, கம்பியைத் தனியே கழற்றி மாற்றத்தக்கதையோ தேர்ந்தெடுக்கலாம். கம்பியற்ற சிறு இயர்போன்களில் உள்ள பாட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பெரும்பாலானவற்றில் அதை மாற்ற வழி வைக்கப்படுவதில்லை.