இந்திய ஜோதிஷமும் சீன ஜோதிஷமும்

மனிதன் பிறந்த வேளைக்கும் அவன் வாழ்வில் நேரும் நன்மை தீமைகளுக்கும் தொடர்பு உண்டு என்னும் நம்பிக்கையில் வேரூன்றி, அந்த வேளையை அளக்கும் முறையில் வேறுபட்டு வளர்ந்த இரு பழைய சாஸ்திரங்கள். பிறந்த கணத்தில் கிரகங்கள் வானில் எங்கே நின்றன என்பதை இந்திய ஜோதிஷர் கணிக்கிறார். அந்தக் கணத்துக்குக் காலக்கணக்கில் என்ன பெயர் என்பதைச் சீன ஜோதிஷர் ஆராய்கிறார். இவ்வேற்றுமையை மனத்திற் கொள்ளாமல், நம் பன்னிரண்டு ராசிகளையும் சீனரின் பன்னிரண்டு விலங்குகளையும் ஒன்றுக்கொன்று ஈடாக வைத்துப் பேசும் வழக்கம் பரவியிருப்பினும், அது இரு மரபுகளுக்கும் பொருந்தாது.

இந்திய மரபு

லகதர் பெயரால் வழங்கும் வேதாங்க ஜோதிஷம், வேள்விகளுக்குரிய காலத்தை நிர்ணயிப்பதற்காக ஐந்தாண்டு யுகத்தையும் 27 நக்ஷத்திரங்களையும் கொண்டு சூரிய சந்திரர்களின் கதியைக் கணக்கிட்ட நூலேயன்றி, தனிமனிதனின் ஜாதகபலன் கூறும் நூலன்று. பன்னிரண்டு ராசிகளும் லக்னமும் கிறிஸ்துவுக்குப் பிற்பட்ட முதற் சில நூற்றாண்டுகளில் கிரேக்கரிடமிருந்து வந்து சேர்ந்தன என்பதற்கு, யவனஜாதகம் என்னும் நூற்பெயரும், ஹோரா, கேந்திரம் ஆகிய கிரேக்கச் சொற்களும் சான்றாகும். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருஹத் ஜாதகம், வந்தவற்றையும் இருந்தவற்றையும் இணைத்து, பின்வந்தோர்க்கெல்லாம் பிரமாணமாயிற்று.

ஜாதகத்தில் லக்னம் முதலாகப் பன்னிரண்டு பாவங்களும் (வீடுகளும்), அவற்றில் ஒன்பது கிரகங்களும் குறிக்கப்படுகின்றன. பிறக்கும்போது சந்திரன் நின்ற நக்ஷத்திரத்தைக் கொண்டு தசைகள் தொடங்குகின்றன; விம்சோத்தரி முறையில் கேதுவுக்கு 7 ஆண்டு, சுக்கிரனுக்கு 20 ஆண்டு என ஒன்பது கிரகங்களுக்கும் பங்கிட்ட மொத்தம் 120 ஆண்டு. ராசிச்சக்கரம் நக்ஷத்திரங்களை ஆதாரமாகக் கொண்ட நிராயன முறையைச் சேர்ந்தது. சம இரவுப் புள்ளியை ஆதாரமாகக் கொண்ட மேனாட்டாரின் சாயன முறைக்கும் இதற்கும் உள்ள அயனாம்ச வேறுபாடு இப்பொழுது ஏறத்தாழ 24 பாகை.

சீன மரபு

பத்து ‘வானத் தண்டுகள்’, பன்னிரண்டு ‘பூமிக் கிளைகள்’ என்னும் இரு வரிசைகளை முறையே இணைத்துச் செல்லும்போது அறுபது இணைகள் தோன்றி, மீண்டும் முதல் இணைக்கே திரும்புகின்றன. ஷாங் வம்சத்தார் ஆரூடம் பார்த்த எலும்புகளில் நாட்களுக்குப் பெயராகப் பொறிக்கப்பட்டிருக்கும் இவ்வட்டம், பிற்காலத்தில் ஆண்டு, மாதம், வேளை ஆகியவற்றுக்கும் விரிந்தது. எலி, எருது, புலி, முயல் எனத் தொடங்கும் விலங்குகள் பன்னிரு கிளைகளுக்கு அமைந்த சின்னங்களே. ஷுய்ஹுதி என்னுமிடத்துக் கல்லறையில் 1975இல் கிடைத்த மூங்கில் ஏடுகள், கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே விலங்குகளைக் கிளைகளோடு சேர்த்தெண்ணும் வழக்கம் இருந்ததைக் காட்டுகின்றன.

ஆண்டு, மாதம், நாள், வேளை என்னும் நான்கு ‘தூண்களுக்கும்’ தண்டும் கிளையுமாக இரண்டிரண்டு எழுத்து அமையும் எட்டெழுத்தே சீனரின் ஜாதகம். தாங் வம்சகாலத்து லீ ஷூஜோங் பிறந்த ஆண்டுக்குத் தலைமை தந்தார் என்றும், சோங் காலத்து ஷூ த்ஸுபிங் நாளின் தண்டே ஜாதகனைக் குறிப்பது என நிலைநாட்டினார் என்றும் மரபு கூறும். அந்தத் தண்டுக்குரிய தத்துவத்தை மற்ற எழுத்துகளின் தத்துவங்கள் வளர்க்கின்றனவா, வெல்லுகின்றனவா என்பதே பலன் காணும் வழி. மரம், தீ, மண், உலோகம், நீர் என்னும் இவ்வைந்தும், ஆகாயமும் காற்றும் அடங்கிய நம் பஞ்சபூதங்களைப் போலப் பொருள்களின் மூலக்கூறுகளல்ல. ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தும் ஒன்றை ஒன்று அடக்கியும் சுழலும் நிலைகள். பிறந்த ஆண்டின் விலங்கு எட்டெழுத்துகளில் ஒன்றேயாயினும், மக்கள் மனத்தில் அதன் ஆட்சி பெரிது: தீத் தண்டும் குதிரைக் கிளையும் கூடிய ‘தீக்குதிரை’ ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாள் என்னும் நம்பிக்கையால், 1966இல் ஜப்பானில் பிறப்புகள் முந்திய ஆண்டினும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன.

ஒப்புமைகள்

பிரபவ முதல் அக்ஷய வரையிலான அறுபதாண்டு வட்டம், ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகளில் வானைச் சுற்றிவரும் குருவின் ஐந்து சுற்றுகளிலிருந்து எழுந்தது. சீனரின் அறுபதோ பத்தும் பன்னிரண்டும் சேர்ந்த கணக்கு. இப்போது நடைபெறும் வட்டம் அங்கே 1984இலும், தமிழ்நாட்டில் 1987இலும் தொடங்கிற்று. எனினும் அறுபது நிறைவதைச் சிறப்பித்துக் கொண்டாடும் வழக்கம் இரு நாட்டிலும் உண்டு.

நம் 27 நக்ஷத்திரங்களுக்கு நேராகச் சீனரிடம் சந்திரனின் 28 மனைகள் உள்ளன. நம் பழைய நூல்களிலும் அபிஜித்தைச் சேர்த்து 28 எண்ணும் வழக்கு உண்டு. நமது சித்திரையும் சீனரின் முதல் மனையும் ஒரே விண்மீனைச் சார்ந்தவை. கார்த்திகையும் இரு பட்டியலிலும் இடம்பெறுகிறது. ஆயினும் நம் நக்ஷத்திரங்கள் கிராந்திவிருத்தத்தில் 13 பாகை 20 கலை வீதம் சமமாகப் பகுக்கப்பட்டவை. சீன மனைகள் வான நடுக்கோட்டைச் சார்ந்து அகலத்தில் வேறுபடுபவை. கி.மு. 433இல் அடக்கம் செய்யப்பட்ட த்ஸெங் நாட்டுச் சிற்றரசர் யீயின் கல்லறையில் கிடைத்த அரக்குப் பெட்டியின் மூடியில் 28 பெயர்களும் எழுதப்பட்டுள்ளன. இவற்றுள் எது எதற்கு மூலம் என்பதில் அறிஞர்கள் ஒருமித்த கருத்துக் கொண்டவரல்லர்.

தொடர்பு

இரு மரபுகளையும் சந்திக்கச் செய்தது பௌத்தம். தாங் அரசவையில் பணியாற்றிய இந்திய வம்சத்தவரான கௌதம சித்தர் 718இல் இந்தியக் கணித முறையைச் சீனமொழியில் தந்தார். 759இல் அமோகவஜ்ரர் நக்ஷத்திரங்களையும் வாரநாட்களையும் பற்றிய நூலைச் சீனத்தில் ஆக்கினார். ராகுவும் கேதுவும் லோஹோ, ஜிது என்னும் பெயர்களோடு சீனரின் கிரகவரிசையில் இடம்பெற்றன. அமோகவஜ்ரரின் நூலை ஜப்பானியத் துறவி கூகாய் 806இல் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார்.

மதிப்பீடு

இவ்விரு சாஸ்திரங்களும் கூறும் பலன்கள் விஞ்ஞான முறைப்படி நிரூபிக்கப்பட்டவையல்ல. ஆனால் அவற்றுக்கு அடிப்படையான வான நோக்கும் காலக்கணிதமும் ஆசிய நாகரிகத்தின் உயர்ந்த செல்வங்களாகும். அவற்றை ஒப்பிடப் புகுவோர், நக்ஷத்திரத்தை மனையோடும் ஆண்டு வட்டத்தை ஆண்டு வட்டத்தோடும் ஒப்பிடுவதே தகும். ராசிக்கு ஈடான ஒன்று எட்டெழுத்து ஜாதகத்தில் இல்லை.