கேத்திப் பண்ணையும் புதுவை ஆளுநரும்

நல்லவாட்டுக் கடற்கரையில் ஒருநாள் காலை நின்று பாருங்கள். கடலிலிருந்து கரையேறும் மீனவர்கள் வலையை உதறி வைத்துவிட்டு முதலில் தேடிப் போவது ஒரு கண்ணாடித் தம்ளர் தேநீரைத்தான். இந்தப் பானம் மலைநாட்டின் விளைச்சல் என்பது சிறுவர்க்கும் தெரியும். ஆனால், நீலகிரித் தேயிலையின் தொடக்கக் கதையில் நம் புதுச்சேரிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நீங்கள் அறிவீர்களா? அந்தக் கதை நடந்த இடம் கேத்தி. குன்னூருக்கும் உதகைக்கும் இடையே உள்ள அகன்ற பள்ளத்தாக்கு அது.

கேத்தியில் வேளாண்மையை வெள்ளையர்தாம் தொடங்கினர் என்று எண்ணிவிடக் கூடாது. படகர் மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே அந்தச் சரிவுகளில் சாமையும் கேழ்வரகும் பார்லியும் பயிரிட்டு வந்தனர். கேத்தியே அவர்களுடைய பெரிய ஊர்களில் ஒன்று. கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்தபின், உருளைக்கிழங்கும் பிற ஐரோப்பியக் காய்கறிகளும் மலைக்கு வந்தன. ஆசை அத்துடன் நிற்கவில்லை. சென்னை ஆளுநர் லஷிங்டன் 1830இல் கேத்தியில் அரசாங்கச் சோதனைப் பண்ணை ஒன்றைத் தொடங்கினார். அதன் பொறுப்பு மேஜர் க்ரூ என்பவரிடம் தரப்பட்டது. ஐரோப்பியத் தானியம், காய்கறி, கனி ஆகியவற்றுள் இம்மண்ணில் எவை விளையும் என்று பார்ப்பதே நோக்கம்.

வெப்ப நாட்டின் நடுவில் ஐரோப்பியப் பயிர் எப்படி விளையும்? இங்கே சிறிது இயற்பியல் பேசவேண்டும். மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. நம் கடற்கரையில் பாரமானியின் பாதரசம் 76 செ.மீ. உயரம் நின்றால், 2,000 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 60 செ.மீ. அளவுதான் நிற்கும். கீழிருந்து மேலெழும் காற்று அழுத்தம் குறைந்த இடத்தில் விரிவடைகிறது. விரிவடையும் காற்று குளிர்கிறது. சைக்கிள் ட்யூபிலிருந்து பீறிடும் காற்றைக் கையில் பிடித்துப் பாருங்கள், விளங்கும். சராசரியாக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வெப்பநிலை 6.5 டிகிரி செல்சியஸ் இறங்குகிறது. ஆகவே நமக்கு 30 டிகிரி என்றால் கேத்தியில் 17 டிகிரி! தண்ணீர்கூட அங்கே சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இனி தேயிலைக்கு வருவோம். சீனாவிலிருந்து தருவித்த தேயிலை விதைகளைக் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தில் முளைக்க வைத்து, 1835இல் நாற்றுகளைப் பல பகுதிகளுக்கும் அனுப்பினர். ஏறத்தாழ 42,000 நாற்றுகள் தேறின. இமயமலைச் சாரலுக்கும் அஸ்ஸாமுக்கும் பெரும்பங்கு போக, தென்னாட்டுக்குக் கிடைத்தவை சுமார் 2,000 மட்டுமே. அவற்றில் சில கேத்திப் பண்ணையில் நடப்பட்டன.

நட்ட மறு ஆண்டே, 1836இல், பண்ணையை மூடிவிட்டார்கள்! அரசாங்கம் பண்ணை நடத்துவதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேலிடத்துக்கு விருப்பம் இல்லை. தேயிலைச் செடி இலை பறிக்கும் பருவத்தை அடைய மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வேண்டும். ஒரு வயதுச் செடியை மண்ணில் விட்டுவிட்டுச் சோதனையை முடித்துக்கொண்டது எவ்வளவு பெரிய அவசரம்! பாதரசம் ஏறி நிற்குமுன் வெப்பமானியை உருவி எடுத்துவிட்டு அளவை எழுதும் மாணவரை என் ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் காண்கிறேன். கம்பெனியாரும் அதைத்தான் செய்தனர்.

கைவிடப்பட்ட பண்ணையின் வீடு யாருக்குப் போயிற்று தெரியுமா? புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் சேன் சிமோன் பிரபுவுக்கு! இவர் 1835 முதல் 1840 வரை இங்கே ஆளுநராக இருந்தவர். ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடம் திருப்பிக் கொடுத்தது 1816இல்தான். இருபது ஆண்டுகளில் பழைய பகைவருக்கு மலைவீட்டைத் தங்கக் கொடுக்கும் அளவுக்கு உறவு மாறியிருந்தது. கடற்கரையை விட்டு அவர் ஏன் மலையேறினார் என்று நம் ஊர் மே மாதத்தை அறிந்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

அந்நாளில் புதுச்சேரியில் பணிபுரிந்த தாவரவியலார் ஒருவர் இருந்தார். பெயர் பெரோத்தே. சுவிட்சர்லாந்தில் பிறந்து பிரெஞ்சு அரசின் ஊழியத்தில் செனகல் முதலிய நாடுகளைச் சுற்றியவர். 1826இல் அமைக்கப்பட்ட நம் புதுச்சேரித் தாவரவியல் பூங்காவை, பின்னாளில் பலநாட்டு மரங்களால் வளப்படுத்தியவரும் இவரே. 1870இல் இந்த ஊரிலேயே மறைந்தார். நீலகிரியின் செடிகொடிகளைச் சேகரிக்க மலையேறிய பெரோத்தே, கேத்தியில் கவனிப்பாரற்றுக் கிடந்த தேயிலைச் செடிகளைக் கண்டார். அவற்றின்மேல் அக்கறை காட்டினார். செடிகள் பிழைத்தன, நன்றாக வளர்ந்தன. இம்மலையில் தேயிலை செழிக்கும் என்பதை 1838 வாக்கில் அவர் உலகுக்கு எடுத்துச் சொன்னார். மூடிய சோதனையின் விடையைப் படித்துச் சொன்னவர் நம் ஊர்த் தோட்டக்கலைஞர்! இருந்தும், வாணிக முறையில் தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியில் பரவ மேலும் இருபது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று.

வீடும் பல கைகள் மாறியது. சென்னை ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபு அதைக் குத்தகைக்கு எடுத்துப் பெரும்பொருள் செலவிட்டு மாளிகையாக்கினார். பின்னர் அதை வாங்கிய கஸமேஜர் என்பவர் 1849இல் இறந்தபோது தம் சொத்தைப் பாசல் மிஷனுக்கு விட்டுச் சென்றார்.

இன்று கேத்தியைக் காண விரும்பினால் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் செல்லுங்கள். 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் உதகை வரையிலும் போடப்பட்ட பாதை அது. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. தண்டவாளத்தின் நடுவே உள்ள பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் வேலை குன்னூரோடு முடிந்துவிடும். அதற்குமேல் சாதாரண ரயில்போலச் சக்கர உராய்வே போதும். கேத்தி நிலையம் சுமார் 2,090 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாலை வழியே போனால் எல்லநள்ளிப் பக்கம் நின்று பாருங்கள். பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரிந்து கிடக்கும்: அடுக்கடுக்கான படி வயல்கள், ஓட்டு வீடுகள் நெருங்கிய படகர் ஊர்கள், சரிவுகளில் தேயிலை, தாழ்வான நிலங்களில் கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு.

இந்த அடுக்கை ஊன்றிக் கவனியுங்கள். தேயிலை ஏன் சரிவை நாடுகிறது? காரணம் குளிர்கால உறைபனி. மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை வானை நோக்கிக் கதிர்வீசி இழக்கிறது. நிலத்தைத் தொட்ட காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப்போல் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. விடியுமுன் பள்ளத்தில் புல் வெளுத்திருக்க, சற்று மேலே உள்ள சரிவில் பனி இராது. மேலே போகப் போகக் குளிரும் என்று முன்பு சொன்ன விதி இங்கே சில மணி நேரம் தலைகீழாகிவிடுகிறது! உறைபனி பட்ட தேயிலைக் கொழுந்து தீய்ந்ததுபோல் கருகும். அதனால்தான் பள்ளத்துத் தேயிலை வைத்திருப்போர் மாலையில் பெரணித் தழையால் செடிகளை மூடிவைக்கின்றனர். தழை, நிலத்தின் கதிர்வீச்சைத் தடுக்கும் போர்வை.

டிசம்பர், ஜனவரியில் போகிற மாணவர்கள் இரண்டு வெப்பமானிகளை உடன் எடுத்துச் செல்லலாம். ஒன்றைப் பள்ளத்திலும் மற்றொன்றைச் சரிவிலும் மாலையிலேயே வைத்துவிட்டு, சூரியன் எழுமுன் சென்று பாருங்கள். கம்பளியை மறக்கவேண்டாம். பாதரசம் நிலைத்து நின்றபின் அளவை எழுதுங்கள்.